டென்ச் மீனுக்காக ஒரு நாள்

மீன் பிடிக்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தால் "என்ன, ஒண்ணும் மாட்டலையா?" என்று கேட்பது உலக வழக்கம். ஆனால் மீன் மாட்டியும் வெறுங்கையோடு வீட்டுக்கு வருகிற கூட்டம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. ஒருவர் இருவர் அல்ல, லட்சக்கணக்கான பேர். விடியும் முன் எழுந்து, நாள் முழுக்கக் கரையில் உட்கார்ந்து, கிடைத்த மீனைத் திரும்பவும் அதே தண்ணீரில் விட்டுவிட்டு வருவார்கள். இதற்கு அரசாங்கத்திடம் உரிமம் வேறு வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் தூண்டில் போட்டால் 2,500 பவுண்டு வரைக்கும் அபராதம்!

இதென்ன பைத்தியக்காரத்தனம் என்று தோன்றுகிறதா? அந்தச் சிறுமிக்கும் அப்படித்தான் தோன்றியது.

அவளுக்கு வயது 13. தாத்தாவுக்கு 70. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் மாவட்டத்தில் டிவர்ட்டன் என்ற சிறிய ஊர் அவர்களுடையது. ஒன்பது வயதில் தன் அப்பாவோடு அந்த ஊர்க் கால்வாயில் தூண்டில் போடத் தொடங்கியவர் தாத்தா. இன்றுவரை விட்டதில்லை. பேத்தியும் சின்ன வயதிலிருந்து அவருடன் போய் வந்துகொண்டிருந்தாள். ஆனால் கொஞ்ச நாளாக அவளுக்குள் ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் மீன்களைப் பற்றி ஒரு பாடம் நடந்ததிலிருந்து வந்த கேள்வி அது. மீனுக்கு வலிக்கும் என்றால், தின்னாத மீனை ஏன் பிடிக்க வேண்டும்?

"இந்த ஒரு தடவை வர்றேன் தாத்தா. அதுக்கப்புறம் வருவேனா மாட்டேனான்னு அன்னிக்கு ராத்திரி சொல்றேன்" என்றாள். தாத்தா சரி என்று சொல்லிவிட்டார். அவருடன் உட்கார இப்போது வேறு யாரும் இல்லை. மகனுக்கு இதில் ஆர்வம் இல்லை. பழைய நண்பர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

நாள் ஜூன் 16. விடியற்காலை நாலு மணி. அந்தத் தேதிக்கு ஒரு கதை உண்டு, அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் கால்வாய்.

கிராண்ட் வெஸ்டர்ன் கால்வாய் என்று பெயர். இங்கிலாந்தின் தென்கரைக் கடலையும் பிரிஸ்டல் பக்கத்துக் கடலையும் உள்நாட்டு வழியாகவே இணைத்துவிட வேண்டும் என்ற பெரிய திட்டத்தில் பிறந்தது. ஜான் ரென்னி என்ற புகழ்பெற்ற பொறியாளரின் வேலை. திட்டம் பாதியில் நின்றுபோனது. டிவர்ட்டனிலிருந்து லோட்வெல்ஸ் வரைக்கும் உள்ள 11 மைல் பகுதி 1814-ல் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய படகுகளைக் கரையோரப் பாதையில் குதிரைகள் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கற்களை டிவர்ட்டன் சூளைகளில் சுட்டு வயலுக்குப் போடுவார்கள். ரயில் வந்தது, படகுகள் குறைந்தன. 1924-ல் கல் போக்குவரத்தும் நின்றது. அதன்பிறகு கால்வாயில் நடந்த ஒரே தொழில், வெள்ளை ஆம்பல் பூக்களைப் பறித்துச் சந்தைக்கு அனுப்பியதுதான்!

1962-ல் கால்வாய் சட்டப்படி கைவிடப்பட்டது. மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்ற பேச்சுகூட இருந்தது. ஊர்மக்கள் சும்மா விடவில்லை. போராடினார்கள். 1971-ல் டெவன் மாவட்ட நிர்வாகம் அதை எடுத்துக்கொண்டது. இன்று அது ஒரு பூங்கா. குதிரை நடந்த பாதையில் மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். ஆம்பல் இன்னும் பூக்கிறது. அந்த ஆம்பல் இலைகளுக்கு அடியில்தான் டென்ச் இருக்கிறது.

டென்ச் கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆலிவ் காயைப் போன்ற பச்சை நிறம், அடிவயிற்றில் கொஞ்சம் பொன்னிறம், சின்னஞ்சிறு சிவப்புக் கண், வாயோரத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு குட்டி மீசை. செதில்கள் மிகவும் சிறியவை. மேலே கெட்டியான வழவழப்பு. கையில் பிடித்தால் சோப்புக் கட்டி மாதிரி நழுவும். ஆக்சிஜன் குறைந்த சேற்றுத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அடியில் போய் ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். கோடை தொடங்கினால்தான் அதற்கு விடியல்.

இதற்கு "மருத்துவர் மீன்" என்று ஒரு பட்டப்பெயரும் உண்டு. அடிபட்ட மற்ற மீன்கள் டென்ச் மேல் உரசிக் குணமடையும் என்று பழைய நம்பிக்கை. 1653-ல் ஐசக் வால்டன் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலிலேயே இந்த விஷயம் வருகிறது. அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் இந்த மீனை ஊட்டிக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அந்த அளவுக்கு அதன் மேல் ஆசை!

தாத்தாவும் பேத்தியும் ஆம்பல் படர்ந்த ஒரு வளைவில் உட்கார்ந்தார்கள். தண்ணீர் மேல் லேசான மூடுபனி. தாத்தா முதலில் ஒரு கனமான குண்டை நரம்பில் மாட்டி ஆழம் பார்த்தார். நாலடிக்குக் கொஞ்சம் அதிகம். பிறகு ரொட்டித்தூளில் மக்காச்சோள மணிகளையும் நறுக்கிய மண்புழுவையும் பிசைந்து, ஆரஞ்சுப்பழ அளவு உருண்டைகளாகப் பிடித்து, இலைகளின் ஓரத்தில் மூன்றே மூன்று உருண்டை போட்டார். அவ்வளவுதான். இனிமேல் காத்திருக்க வேண்டும்.

தூண்டில் கட்டுவதில் டென்ச் மீனுக்கென்றே ஒரு முறை இருக்கிறது. வழக்கமாக மீன் இரையை இழுத்தால் தக்கை அமிழும். இதில் தக்கை மேலே எழும்பும்! எப்படி என்றால், முள்ளுக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே ஒரே ஒரு குண்டு வைப்பார்கள். அந்தக் குண்டு தரையில் கிடக்கும். தண்ணீர் மேலே தக்கையின் நுனி மட்டும் தெரியும். டென்ச் தலைகீழாகச் சாய்ந்து சேற்றில் மேயும். இரையை வாயில் எடுத்துக்கொண்டு நிமிரும்போது குண்டும் கூடவே கிளம்பிவிடும். கீழே பிடித்திழுக்கும் கனம் போனதும் தக்கை எழும்பிச் சாய்ந்து படுத்துவிடும். அந்த நேரத்தில் கம்பைத் தூக்க வேண்டும்.

அந்தக் குண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பெல்லாம் அது ஈயத்தில் இருக்கும். அன்னப்பறவைகள் இரை செரிப்பதற்காகச் சின்னக் கற்களை விழுங்கும். கரையில் சிந்திக் கிடந்த ஈயக் குண்டுகளையும் கற்களோடு சேர்த்து விழுங்கி, நஞ்சேறிச் செத்துக்கொண்டிருந்தன. 1987-ல் அந்த அளவு ஈயக் குண்டுகளுக்குத் தடை வந்தது. தாத்தாவின் பெட்டியில் இருப்பது ஈயம் இல்லாத குண்டுகள். முள்ளிலும் கொக்கி நுனி கிடையாது. வழவழப்பான முள். மீன் வாயிலிருந்து எளிதாகக் கழன்று வரும். சில நேரம் மீனே கழற்றிக்கொண்டு போய்விடும். "போனா போகுது" என்பார் தாத்தா.

ஐந்து மணிக்குச் சூரியன் வந்தது. முதலில் ஒரு விரல் நீள மீன், பிறகு கோடு போட்ட ஒரு சின்னப் பெர்ச். பேத்தி கையை நனைத்துக்கொண்டு அவற்றை விட்டாள். காய்ந்த கையால் தொட்டால் மீன் உடம்பின் வழவழப்பு உரிந்துவிடும். அது போனால் நோய் பற்றும். இதெல்லாம் அவளுக்கு ஆறு வயதிலேயே தெரியும்.

"ஏன் தாத்தா இன்னிக்கு வரைக்கும் காத்திருந்தீங்க? கால்வாய்ல எப்ப வேணும்னாலும் போடலாமே?"

இதுதான் அந்த ஜூன் 16 கதை. இங்கிலாந்தில் நன்னீர் மீன்களை இரண்டு சாதியாகப் பிரித்துவிட்டார்கள். சால்மன், டிரவுட் எல்லாம் உயர்ந்த வகை. பண்ணையார்களும் பிரபுக்களும் பிடிப்பது. மற்றவை எல்லாம் "கரடுமுரடான" மீன்கள்! டென்ச், கெண்டை, பெர்ச் எல்லாம் இதில் அடக்கம். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்த ஆலைத் தொழிலாளிகள் ரயிலேறிப் போய்ப் பிடித்தது இவற்றைத்தான். சால்மனைக் காப்பாற்றச் சட்டம் இருந்தது. இந்த மீன்களைக் கேட்க ஆளில்லை. முட்டையிடும் காலத்திலும் வரைமுறை இல்லாமல் பிடித்தார்கள். ஷெஃபீல்டு நகரத் தொழிலாளிகள்தான் இதைத் தடுக்க வேண்டும் என்று கிளம்பினார்கள். அவர்கள் ஊர் எம்.பி. முண்டெல்லா கொண்டுவந்த சட்டம் 1878-ல் நிறைவேறியது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களைப் பிடிக்கக் கூடாது. ஜூன் 16 அன்று திருவிழா!

கவனியுங்கள். மேலே இருந்து யாரோ போட்ட தடை இல்லை இது. மீன் பிடிப்பவர்களே தங்களுக்குத் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்ட தடை.

ஆறுகளில் அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறது. குளம், ஏரிகளில் 1995-லும், பெரும்பாலான கால்வாய்களில் 2000-லும் நீக்கிவிட்டார்கள். ஆனால் தாத்தா மட்டும் இன்றும் ஜூன் 16 வரைக்கும் காத்திருக்கிறார்.

"ஆனா டென்ச் ஜூலைல கூட முட்டை போடுமே தாத்தா?"

"போடும்."

"அப்ப இந்தத் தேதியால டென்சுக்கு என்ன லாபம்?"

தாத்தா கொஞ்ச நேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டென்சுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். மூணு மாசம் ஆசையை அடக்கினா, வந்து உட்காரும்போது அவசரம் இருக்காது."

அவளுக்கு இந்தப் பதில் போதவில்லை. நேராகவே கேட்டுவிட்டாள். "மீனுக்கு வலிக்குமா தாத்தா?"

இந்தக் கேள்விக்கு அறிவியல் என்ன சொல்கிறது? 2003-ல் லின் ஸ்னெட்டன் தலைமையில் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ரெயின்போ டிரவுட் மீன்களின் முகத்தில், தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ விஷமோ அமிலமோ செலுத்தப்பட்ட மீன்கள் உடம்பை ஆட்டிக்கொண்டே இருந்தன. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. நெடுநேரம் இரை எடுக்கவில்லை. மீனின் மூளையில் மனிதனுக்கு இருப்பது போன்ற புறணிப் பகுதி இல்லை, அதனால் நமக்குத் தெரிகிற வலி அதற்குத் தெரியாது என்று மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் 2022-ல் பிரிட்டன் நிறைவேற்றிய சட்டம் ஒன்று, மீன் உட்பட முதுகெலும்புள்ள எல்லா விலங்குகளும் உணர்வுள்ளவை என்று ஏற்றுக்கொண்டுவிட்டது. தூண்டிலுக்குத் தடை இல்லை. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

"வலிக்காதுன்னு எங்க அப்பா சொன்னாரு. நானும் உங்கப்பாகிட்ட அதையேதான் சொன்னேன்" என்றார் தாத்தா. "இப்ப அப்படிச் சொல்ல முடியல. கொஞ்சமாவது வலிக்கும்னுதான் நினைக்கிறேன்."

"அப்புறம் ஏன்?"

தாத்தா பதில் சொல்லவில்லை. கையை நீட்டி ஹால்பர்ட்டன் பக்கம் காட்டினார். அவள் அப்போது கைக்குழந்தைகூட இல்லை. பிறப்பதற்கு முன்பு ஒரு விபத்து அங்கே நடந்தது, சொல்லக் கேட்டிருக்கிறாள். 2012 நவம்பரில் பெய்த பெருமழையில் ஹால்பர்ட்டன் அருகே கால்வாயின் கரை உடைந்தது. தண்ணீர் எல்லாம் வயல்களுக்குள் பாய்ந்தது. மற்ற பகுதியாவது வற்றாமல் இருக்க அவசர அவசரமாகக் குறுக்கே அடைப்புகள் போட்டார்கள். நடுவில் வெறும் சேறு. அங்கங்கே தேங்கிய குட்டைகளில் மீன்கள். அவற்றை வலை போட்டு அள்ளி, தண்ணீர் உள்ள பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். தாத்தாவும் இடுப்பு வரை ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு அந்தச் சேற்றில் நின்றவர். கரையைத் திரும்பக் கட்டி, நீர் நிரப்பி, 2014 மார்ச்சில்தான் கால்வாய் பழைய நிலைக்கு வந்தது.

"அன்னிக்குச் சேத்துல வந்து நின்னவங்கள்ல பாதிப் பேர் தூண்டில்காரங்கதான். நான் இதுல மீன் பிடிச்சிருக்கலேன்னா, இது எனக்கு வெறும் சாக்கடைதான். போயிருப்பேனான்னு தெரியல."

இதில் உண்மை இருக்கிறது. ஆற்றில் கழிவைக் கொட்டும் ஆலைகளை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்கென்றே 1948-ல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் ஒரு தூண்டில்காரர் சங்கத்தை ஆரம்பித்தார். தண்ணீர் கெட்டுப்போவது முதலில் கண்ணில் படுவது அதன் பக்கத்தில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவனுக்குத்தானே! ஆனால் மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால்? தன்னைக் குத்துபவன்தான் தன்னைக் காப்பாற்றுகிறான். இது நன்றியா, வியாபாரமா? பேத்தி அதைத்தான் கேட்டாள். "மீனு உங்ககிட்ட காப்பாத்தச் சொல்லிக் கேட்கலையே தாத்தா. குத்தாமலே காப்பாத்தலாம்ல?"

"காப்பாத்தலாம். என்னைவிட நல்ல ஆளு அப்படிச் செய்வான்" என்றார் தாத்தா.

அதன்பிறகு இருவரும் அதிகம் பேசவில்லை. சாண்ட்விச் சாப்பிட்டார்கள். பிளாஸ்க்கில் இருந்த தேநீர் தீர்ந்தது. பகல் ஏறியதும் மீன்கள் நின்றுவிட்டன. சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டு போனார்கள். ஒரு வாத்து தன் ஏழு குஞ்சுகளுடன் வந்து மக்காச்சோளத்துக்குச் சண்டை போட்டது. தாத்தா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்கினார். அவள் தட்டான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டென்ச் பிடிக்கப் போகிற நாளில் பெரும்பகுதி இப்படித்தான் போகும். ஒன்றுமே நடக்காது.

மாலை ஏழு மணி வாக்கில் ஆம்பல் இலை ஓரத்தில் குமிழிகள் தெரிந்தன. குண்டூசித் தலை அளவுக் குமிழிகள், கொத்துக் கொத்தாக. சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி. டென்ச் சேற்றைக் கிளறி மேயும்போது இப்படித்தான் வரும். தாத்தா தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். சத்தம் காட்டாமல் இன்னும் ஒரு உருண்டை போட்டார். தன் கம்பை எடுக்காமல் அவளுடைய கம்பைக் காட்டினார். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு முள்ளில் ஒரே ஒரு மக்காச்சோள மணியைக் கோத்துப் போட்டாள்.

இருபது நிமிடம். தக்கை ஆடியது, நின்றது. மறுபடி ஆடியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, மேலே எழும்பிச் சாய்ந்து படுத்தது.

தூக்கினாள். கம்பு வில்லாக வளைந்தது. டென்ச் துள்ளாது, பாயாது. கனமாக, விடாமல், இலைத் தண்டுகளுக்குள் நுழையவே பார்க்கும். "பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடி... அவசரப்படாதே... போகவிடு, இப்ப சுத்து..." தாத்தாவின் குரல் நடுங்கியது. நாலைந்து நிமிடத்தில் பச்சை முதுகு மேலே தெரிந்தது. தாத்தா வலையை நீட்டி அதன் கீழே கொடுத்தார்.

நல்ல மீன். மூன்று பவுண்டுக்கு மேல் இருக்கும். இந்த இன மீனுக்குப் பிரிட்டனின் சாதனை எடை 15 பவுண்டுக்கும் மேல். ஆனால் ஒரு கால்வாய்க்கு, ஒரு பதிமூன்று வயதுப் பெண்ணுக்கு, இது பெரிய மீன். தாத்தா ஈரப் பாயை விரித்து, தராசையும் போனையும் எடுத்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வேண்டாம் தாத்தா. தண்ணியிலயே இருக்கட்டும்."

"ஒரே ஒரு போட்டோ. உன்னோட முதல் டென்ச்!"

"வலிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

தாத்தா போனைப் பையில் போட்டார். அவள் மண்டியிட்டு, வலையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, நனைந்த விரல்களால் முள்ளைப் பிடித்தாள். லேசாகத் திருப்பியதும் கழன்றது. மீனை நிமிர்த்திப் பிடித்தாள். அதன் சிவப்புக் கண் அவளைப் பார்த்ததோ இல்லையோ, அவள் அதைப் பார்த்தாள். செவுள் நாலைந்து முறை திறந்து மூடியது. பிறகு அவள் கையிலிருந்து நழுவி, சேற்றைக் கலக்கிக்கொண்டு இலைகளுக்கு அடியில் போய்விட்டது.

இலை ஓரம் முழுக்க இப்போது குமிழிகள். ஒரு கூட்டமே மேய வந்திருந்தது. இருட்ட இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நாள் முழுக்கக் காத்திருந்தது இந்த நேரத்துக்காகத்தான். தாத்தா இன்னும் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை.

"போதும் தாத்தா" என்றாள் அவள்.

தாத்தா குமிழிகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பெரிய மூச்சு ஒன்று விட்டுவிட்டு, தன் நரம்பைச் சுற்ற ஆரம்பித்தார். மிச்சம் இருந்த மக்காச்சோளத்தை எல்லாம் அவள் அள்ளித் தண்ணீரில் போட்டாள், முள் இல்லாமல்.

கால்வாய்ப் பாதையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் நடந்தார்கள். வெகுதூரம் தாத்தா எதுவும் கேட்கவில்லை. வீடு தெரிந்த பிறகுதான் கேட்டார். "சரி, முடிவு என்ன?"

"வர்றேன் தாத்தா. ஆனா ஒரு நாளைக்கு ஒரு மீன்தான். அது கிடைச்சதும் கிளம்பிடணும். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

தாத்தா சிரித்துவிட்டார். "டென்ச்ல ஒண்ணு கிடைச்சாலே அது பெரிய விஷயம்மா. அடுத்த ஞாயிறு மூணரை மணிக்கு எழுப்பட்டுமா?"